பின்னால் வருபவரின் பெயர்

நுழைவாயில் சங்கிலியை இறக்கிய காவலாளி, எத்தனை பேர் என்று கேட்டார்.

"உள்ள போறது ரெண்டு பேரு. வெளிய வர்றதும் ரெண்டு பேருதான்," என்றார் அபெலினோ.

அவர் எப்போதும் இப்படித்தான் கிண்டலாகப் பேசுவார். ஆனால் காவலாளி சிரிக்கவில்லை. எல்மெரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அபெலினோ எல்மெரின் மனைவி தெல்மாவின் அண்ணன். தெல்மா சென்ற ஆண்டு இறந்துபோனாள். காட்டுக்குள் இருக்கும் இதே பழைய கோயிலைப் பார்க்க மூவரும் வந்தபோது படியில் சறுக்கி விழுந்தாள். இடது கணுக்காலில் சுளுக்கு, அவ்வளவுதான். ஆனால் வீடு திரும்பியவள் சாப்பிடவில்லை. பெற்ற மகளை யாரென்று கேட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

விழுந்த இடத்தில் உயிர் தங்கிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் கிளம்பும்போது முன்னால் நடப்பவர் தழைக்கொத்தால் தரையை அடித்து, பின்னால் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அன்று பெருமழை. வண்டிக்கு ஓடிய அவசரத்தில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

இந்த முறை அழைத்ததும் அபெலினோதான். "ஒரு நாள் டூரிஸ்ட் மாதிரி வந்து சுத்திப் பாருங்க மாப்ள. வீட்டுக்குள்ளயே கெடந்தா பூஞ்சை பிடிச்சிரும்." ஓர் ஆண்டாக எல்மெரிடம் யாரும் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. மகள் நிதியாவை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தான். "சாயங்காலம் நீதான் சடை போடணும்" என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தெல்மா விழுந்த படியில் உட்கார்ந்தார்கள். சோளமாவை வாழையிலையில் கட்டி அவித்த தமாலைத் தின்றார்கள். அபெலினோ இன்னொரு பொட்டலத்தையும் பிரித்து எல்மெரின் பக்கத்தில் வைத்தார்.

"இது யாருக்கு மச்சான்?"

"பசிக்கிறவங்களுக்கு."

சுண்ணாம்புக் கற்களின் இடுக்கிலிருந்து ஈர மண்ணும் வௌவால் எச்சமும் கலந்த வாடை எழுந்தது. கோயிலின் தலையைப் பிளந்து வளர்ந்த மரத்தின் வேர்கள் படிகளின்மேல் வழிந்து கிடந்தன. எங்கோ ஊளைக்குரங்குகள் உறுமத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. தூறல் விழுந்தது. அபெலினோ பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். தெல்மாவுடையது. அவள் தலைமுடியின் வாசனை இன்னும் அதில் இருந்தது. எல்மெர் அதை இழுத்து இறுக்கிக்கொண்டான்.

"நான் முன்னாடி போறேன். கூப்பிட்டதும் எந்திரிச்சு வாங்க," என்றார் அபெலினோ. இரண்டு படி இறங்கி நின்றார். திரும்பவில்லை. "எங்க அம்மா சொல்லித்தான் மாப்ள. மனசுல வச்சுக்காதீங்க. புள்ளைக்கு அம்மா வேணும்."

அவன் அதன் பொருளை யோசிப்பதற்குள் தழைக்கொத்து தரையில் விழும் ஓசை கேட்டது. கீழே, மரங்களுக்கிடையில். சளார். சளார்.

பக்கத்தில் வைத்த தமால் பாதியாகியிருந்தது.

எல்மெர் எழ நினைத்தான். கால் கேட்கவில்லை. கல்லின் குளிர் தொடையில் ஏறியது. இடுப்பில் ஏறியது. யாரோ அவன் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விட்டார்கள். அவன் விடும்போதே விட்டார்கள்.

கூப்பிடு மச்சான். என் பெயரைச் சொல்லு.

"தெல்மா!" என்றது அபெலினோவின் குரல். "வா தங்கச்சி. இங்க இருக்காத. வீட்டுக்குப் போவோம். புள்ள காத்துட்டு இருக்கா, வா!"

அவன் உடல் எழுந்தது.

அவன் எழவில்லை.

அவனுடைய செருப்பு. அவனுடைய நீலச் சட்டை. தோளில் சால்வை. படி இறங்கியது. இடது காலைச் சற்று இழுத்து இழுத்து இறங்கியது.

கத்தினான். ஓசை இல்லை. வாய் இல்லை. கல் மட்டும் இருந்தது.

கீழே அபெலினோ கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். அழுதார். சட்டைப் பையில் போன் ஒலித்தது. அது எடுத்தது.

"அப்பா, எப்ப வருவ?" அமைதியான காட்டில் மகளின் குரல் மேலே வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"இதோ கிளம்பிட்டேன்டி, என் சோளக்குருத்தே," என்றது அவனுடைய குரல்.

தெல்மாவைத் தவிர வேறு யாரும் நிதியாவை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மரங்களுக்குள் நுழையும் முன் அது ஒருமுறை திரும்பி, அவன் இருந்த படியைப் பார்த்தது. இல்லாத கூந்தலைக் காதோரம் ஒதுக்கிவிட்டது. பிறகு, தூங்கும் குழந்தையின் அருகில் நின்று தெல்மா அவனைப் பார்த்துச் செய்வதைப் போலவே, விரலை உதட்டின்மேல் வைத்தது.