பதின்மூன்றாவது டம்ளர்

வைதேஹி அலறினாள்.

ஒருத்தர் காதிலும் விழவில்லை.

எப்படி விழும்? 1969 வைகாசி. கருடசேவை. சின்னக் காஞ்சிபுரத்துத் தெரு முழுக்கத் தலைகள். நாதஸ்வரம், அதிர்வேட்டு, 'வரதா... வரதா...' என்ற கோஷம். இதற்கு நடுவே மச்சு அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் எம்மாத்திரம்?

கதவை மறுபடி இழுத்தாள். வெளியே பூட்டு கடகடத்தது.

சேவிக்கப் போகிறேன் என்று கணவர் ஸௌந்தரராஜன் விடியலில் சொன்னது அரைத் தூக்கத்தில் கேட்டது. பூட்டியது கேட்கவில்லை. மூலையில் எப்போதும் இரண்டு குடம் தண்ணீர் இருக்கும்.

இரண்டையும் காணோம்!

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மற்றவர்களுக்கு அது தாகம். வைதேஹிக்கு யமன்.

தை மாதம் மாடிப்படியில் உருண்டு மண்டையில் அடிபட்டாள். காயம் ஆறியது. அப்புறம்தான் ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தாள். குடித்தது அத்தனையும் அப்படியே வெளியே போயிற்று.

டாக்டர் முரளீதரன் மூளையைக் காகிதத்தில் வரைந்து காட்டினார்.

"ரெண்டு கண்ணோட நரம்பும் குறுக்கே தாண்டிப் போற இடம் இது. இதுக்கு மேலே, ஹைபோதலாமஸ்ல, கடுகத்தனை ஒரு செல் கூட்டம். ரத்தத்துல உப்பு ஏறினா முதல்ல அதுக்குத்தான் தெரியும். 'தண்ணியை விடாதே, பிடிச்சு வை'ன்னு சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்பும். உங்களுக்கு அந்தக் கூட்டமும், அதுலேர்ந்து இறங்கற காம்பும் விழுந்த அடியில நசுங்கிடுத்து."

மருந்து ஒரு பொடி. மிருகத்தின் சுரப்பியைக் காயவைத்து இடித்தது. ஆசாரமான வீட்டுப் பெண். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நாளுக்கு நாலு தரம் மூக்கில் உறிஞ்சினாள். தாகம் கட்டுக்குள் வந்தது.

"தண்ணி, பொடி ரெண்டும் இல்லேன்னா?"

அன்றைக்கு அதைக் கேட்டது வைதேஹி அல்ல. ஸௌந்தரராஜன்.

"இந்த ஊர் வெயிலுக்கு ஒரு பகல் தாங்காது சார்."

இப்போது மாடத்திலிருந்த டப்பியைத் திறந்து உறிஞ்சினாள். வழக்கமான கவிச்சி வாடை இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

மைதா மாவு!

படியில் விழுந்த அன்று முதுகில் ஒரு கை பட்டது. பிடிக்க வந்த கை என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்...

மார்கழியில் அவர் சட்டைப் பையில் தாரா என்பவளின் கடிதம் கிடைத்தது. மதராஸில் அவரோடு வேலை பார்ப்பவள். சர்க்கார் உத்தியோகஸ்தர் பெண்டாட்டி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் வேலை போகும். பெண்டாட்டி வியாதியில் போனால் அனுதாபம்தான் வரும்!

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நேர் கீழே தண்ணீர்ப் பந்தல். அண்டா அண்டாவாகத் தண்ணீர். குடித்துவிட்டு மிச்சத்தைத் தரையில் வீசிப் போனார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்குத் தலை சுற்றியது.

மணி பத்து. அப்போதுதான் நேற்றைய காப்பி டம்ளர் கண்ணில் பட்டது. கம்பிக்கு நடுவே நுழையக்கூடிய ஒரே பாத்திரம்.

பெட்டியிலிருந்து ஒன்பது கெஜப் பட்டுப் புடவையை எடுத்தாள். முந்தானையில் டம்ளரை முடிந்து கீழே இறக்கினாள்.

பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் மாகறல் கிராமத்து மணியம்மாள். கண்ணெதிரே டம்ளர் தொங்கவும் யாரோ பக்தை என்று நிரப்பினாள். மேலே போனது. உடனே திரும்பி வந்தது. நிரப்பினாள். மறுபடி வந்தது. ஒரு அங்காளி பங்காளிக் கூட்டமே மேலே உட்கார்ந்து குடிக்கிறதோ என்று எண்ணிக்கொண்டாள்.

பதின்மூன்றாவது டம்ளருக்கு அண்ணாந்து பார்த்தாள்.

ஒரே ஒரு முகம். வெளுத்த முகம். பூட்டில் சாவி திருகுவது போல ஒரு கை கம்பிக்கு வெளியே திருகிக் காட்டியது.

மணியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு, பந்தோபஸ்துக்கு நின்ற ஏட்டு பரமசிவத்தை இழுத்துக்கொண்டு வாசல் கதவும் பூட்டியிருந்ததால் அடுத்த வீட்டு மொட்டை மாடி வழியாகத் தாவி வந்தாள்.

"இன்னாமா, யாரு உன்ன பூட்னது?"

கதவுக்கு உள்ளிருந்து வைதேஹி திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். ஏட்டு பூட்டை உடைக்கக் கல்லைத் தேடினார்.

"உடைக்காதேங்கோ." உள்ளிருந்து வைதேஹி தடுத்தாள். "உடைச்சா, தெரியாதுன்னுடுவார். சாவி அவர் இடுப்புல இருக்கு. அவரே திறக்கட்டும்."

டாக்டரை வரவழைத்தார்கள். நிஜப் பொடி கதவிடுக்கில் போயிற்று. பந்தலில் மற்றவர்கள் ஊற்ற, தண்ணீர் ஜன்னல் வழியே போய்க்கொண்டே இருந்தது. மூவரும் பக்கத்து அறையில் பதுங்கினார்கள். தன்னைக் கொல்லப் பூட்டிய அறைக்குள் வைதேஹி தானாகவே ஐந்து மணி நேரம் கிடந்தாள். படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் புடவையை உள்ளே இழுத்துவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டாள்.

நாலு மணி. செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை நடையில் ஸௌந்தரராஜன் வந்தார். பூட்டைத் திறந்தார். பாயில் அசையாமல் கிடந்தவளை ஒரு கணம் பார்த்தார். கொண்டுவந்த குடத்தைத் தலைமாட்டில் வைத்தார். மாவு டப்பியை எடுத்து மடியில் செருகி, அசல் டப்பியை மாடத்தில் வைத்தார். எல்லாம் ஒழுங்காக முடிந்தபின் உரக்க அழ ஆரம்பித்தார்.

வைதேஹி கண்ணைத் திறந்தாள்.

"கொஞ்சம் மெதுவா அழுங்கோ. சாட்சி சொல்றவா பக்கத்து ரூம்லயே இருக்கா."

மடியிலிருந்த டப்பியை ஏட்டு எடுத்துக்கொண்டார். ஸௌந்தரராஜனுக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் உத்தியோகஸ்தர் அல்லவா, விளக்கம் தயாராக இருந்தது.

"மயக்கத்துல அவ கூட்டத்துக்குள்ள ஓடிடப் போறாளேன்னுதான் பூட்டினேன். எல்லாம் அவ பாதுகாப்புக்குத்தான்."

பரமசிவம் மரியாதையாகத் தலையாட்டினார்.

"வாஸ்தவம் சாமி. விஷயம் தெரிஞ்சி தெருவுல இம்மாம் பொம்பளைங்க நிக்கிறாங்க. உங்க பாதுகாப்புக்கு நாங்களும் அதேதான் செய்யப் போறோம்."