நான்கு கொக்கிகள்

முதல் கொக்கியை முடுக்கிவிட்டு ஜாஸ்மின் கையை எடுத்ததும் அது முனகியது.

கனமான எதையாவது மாட்டினால் இரும்பு ஒரு முனகல் முனகுமே, அதே சத்தம். ஆனால் கொக்கியில் ஒன்றும் இல்லை. டிரில்லிங் மெஷினைக் கேரவன் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கொக்கியையே பார்த்தாள். கொக்கியைச் சுற்றியிருந்த பிளைவுட் லேசாக வெளியே இழுபட்டு, பிறகு அசையாமல் நின்றது. வெக்கையில் மரம் விரிகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஆம்பூர் பைபாஸை ஒட்டி, வண்டி நின்ற அந்த ஷெட் முன்பு தோல் குடோனாக இருந்தது. இப்போது கன்னியப்பன் அதில் வேன்களுக்கு பாடி கட்டுகிறார். தோல் போய்ப் பத்து வருஷமாகியும் தரையை விட்டு வாடை போகவில்லை. மதிய வெயிலில் தகரக் கூரை காயக் காய, உப்பும் சுண்ணாம்பும் ஊறிய அந்தப் புளித்த வாடை மெல்ல எழும்பி, கேரவனுக்குள் புகுந்து, புது பெயின்ட் நெடியோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற நீளமான வண்டி அது. பெங்களூர்க்காரர் ஒருவர் கொடுத்த வேலை. போனில் பேசியதோடு சரி, ஆளை யாரும் பார்த்ததில்லை. சட்டை மாட்ட நாலு கொக்கி வேண்டும் என்று சொல்லி, கொக்கிகளையும் அவரே ஒரு மரப்பெட்டியில் அனுப்பியிருந்தார். கறுத்த, பழைய இரும்பு. சட்டை மாட்ட இவ்வளவு தடிமன் எதற்கு என்று ஜாஸ்மின் காலையில் கேட்டதற்குக் கன்னியப்பன் எரிந்து விழுந்தார்.

“உன்ன இன்னா கேட்டாங்க? மாட்டச் சொன்னா மாட்டு. சாயந்தரம் வண்டிய எடுக்க வர்றாங்க.”

வெளியே பெயின்ட் வேலை நடந்ததால் ஜன்னல் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் தாள் தொங்கியது. உள்ளே இருப்பவளுக்கு ஷெட் என்பது வெறும் சத்தம்தான். அந்தோணியின் வெல்டிங் சீறல். போனில் யாரையோ திட்டும் கன்னியப்பன். அவள் புருஷன் ஜோசுவா உப்புத்தாளால் பட்டி தேய்க்கும் சரசரப்பு. அன்றைக்கு ஷெட்டில் அவளையும் சேர்த்து நாலே பேர்.

ஷூ கம்பெனியில் ஏழு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் ஜாஸ்மின். அங்கே ஆட்களைக் குறைத்தபோது ஜோசுவாதான் இங்கே சேர்த்துவிட்டான். வந்த நாளிலிருந்து அந்தோணியின் வாய் ஓயவில்லை. சற்று முன்பும் அவள் காதில் விழும்படியே சொன்னான்.

“பொம்பள கையில டிரில்லு! வண்டி சல்லடையா ஆய்டும் பாரு.”

கன்னியப்பன் சிரித்தார். அது பழகிவிட்டது. கூடவே ஜோசுவாவும் சிரித்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த அந்தோணியின் வாய் அடைத்துப் போகாதா என்று நினைத்துக்கொண்டேதான் முதல் கொக்கியின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினாள்.

இப்போதுதான் உறைத்தது. வெல்டிங் சத்தம் நின்றிருந்தது.

டீ குடிக்கப் போயிருப்பான். அவள் இரண்டாவது கொக்கியை எடுத்தாள். பலகைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் எங்கே போகிறது என்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். வண்டியின் பக்கவாட்டில் யாரோ ஓங்கி அறைந்தார்கள்.

“தூங்கறியா உள்ள?” கன்னியப்பன். “நாளையிலருந்து வூட்லயே தூங்கு!”

பல்லைக் கடித்துக்கொண்டு டிரில்லை அழுத்தினாள். வெளியே அவர் மறுபடி போனுக்குத் திரும்பினார். “நான் சொல்றது காதுல விழுதா இல்லையா? ரெண்டு நாள்ல நீ வந்து—”

கடைசி ஸ்க்ரூ இறுகியது.

பேச்சு அங்கேயே நின்றது. கொக்கி முனகியது, முன்னதைவிட ஆழமாக. வண்டியே ஒரு நூல் அளவு சாய்ந்தது. கட்டில்மேல் இருந்த ஸ்க்ரூக்கள் உருண்டு சுவரோரம் சேர்ந்தன. கன்னியப்பன் கனத்த உடம்புக்காரர்.

ஜாஸ்மின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். இரும்பு இடப்பக்கம் மெல்ல இழுத்தது. நின்றது. வலப்பக்கம் இழுத்தது. அதில் ஏதோ ஊசலாடிக்கொண்டிருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்தாள். “ஏங்க?”

உப்புத்தாள் நின்றது. “இன்னா?” ஜோசுவாவின் குரல்.

“வெளிய யாரும் இல்லையா?”

“இருக்காங்களே. அந்தோணி டேபிளாண்ட நிக்கிறான். ஓனரும் நிக்கிறாரு.”

“பேச்சே காணோம்?”

“சும்மா நிக்கிறாங்க” என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. உடனே அதை மறைக்க அதட்டினான். “உனக்கு எதுக்கு அதெல்லாம்? சீக்கிரம் முடி. நீ லேட் பண்ணா என்னத்தான் கேப்பாங்க.”

எல்லார் முன்னாலும் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று நினைத்தாள். முடித்துவிட்டு இங்கிருந்து போனால் போதும். மூன்றாவது கொக்கியை ஜன்னலை ஒட்டி வைத்தாள். சட்டம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவில்லை. ஒரு ஸ்க்ரூ. இரண்டு. மூன்று. வெளியே செருப்புச் சத்தம் வெல்டிங் டேபிள் பக்கமாகப் போனது.

“அந்தோணி. டேய். இன்னாடா இப்டி முழிக்கிற?” பிறகு ஒரு மாதிரி உடைந்த குரல். “ஜாஸ்! ஜாஸ், வெளிய வா! இவன் காலு தரையில—”

கை தன்பாட்டில் அழுத்திவிட்டது. நான்காவது ஸ்க்ரூ இறுகியது.

குரல் அறுந்தது.

கொக்கி முனகியது.

ஜாஸ்மின் ஜன்னல் காகிதத்தைக் கிழித்தாள்.

அந்தோணி வெல்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் இருந்தான். அவன் பாதங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கின. சட்டைக் காலர் பிடரிக்குப் பின்னால் கூம்பாக மேலே இழுபட்டிருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கயிறு இல்லை, கம்பி இல்லை. தூரத்தில் தகரக் கூரை மட்டும். கன்னியப்பனும் அப்படியே. அவர் கையிலிருந்த போனில் யாரோ “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நோக்கி ஓடிவந்த வாக்கில் ஜோசுவா, ஒரு கை நீட்டியபடி.

இடப்பக்கம் அசைந்தான். வலப்பக்கம் அசைந்தான்.

கண்கள் உயிரோடு இருந்தன. அவளைப் பார்த்தன.

“இருங்க. இறக்கிடறேன். இருங்க.”

எதை முதலில் கழற்றுவதென்று தெரியவில்லை. முதல் கொக்கிக்கு ஓடினாள். டிரில்லைப் பின்பக்கம் சுழலவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கொக்கி கையோடு வந்தது.

வெளியே ‘தப்’ என்று ஒரு சத்தம். ஈரமான ஏதோ மடிந்து விழுந்த சத்தம்.

ஜன்னல் காகிதத்தின் கிழிசல் வழியே பார்த்தாள். சட்டை கிடந்தது. பேன்ட் கிடந்தது. அவற்றுக்குள் அந்தோணி மடிந்து கிடந்தான், எலும்பில்லாமல், சதையில்லாமல், தட்டையாக. முகம் மேலே பார்த்திருந்தது. திறந்த வாய் வழியே தரை தெரிந்தது.

அவள் கத்தினாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. கையிலிருந்த டிரில் கீழே விழுந்தது.

பக்கத்தில் மரம் கிறீச்சிட்டது.

மூன்றாவது கொக்கி. பின்னால் சட்டம் இல்லை. வெறும் பிளைவுட். மேலே இருந்த ஸ்க்ரூ தூள் உதிர்த்துக்கொண்டு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

பாய்ந்து இரண்டு கைகளாலும் கொக்கியை அடியிலிருந்து தாங்கினாள். பாரம் இறங்கியது. ஒரு முழு ஆளின் பாரம். தோள் இற்றுவிடும் போல இருந்தது. காலை அகட்டிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தாள். கிழிந்த காகிதம் கண்ணுக்கு நேராக இருந்தது. கிழிசல் வழியே ஜோசுவாவின் முகம். கண்ணோரம் நீர் வழிந்தது.

“உட மாட்டேங்க” என்றாள். “நான் உட மாட்டேன்.”

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஷெட்டுக்குள் விழுந்த வெயில் நீண்டு மஞ்சளானது. ‘ஹலோ’ என்ற குரல் எப்போதோ நின்றுபோயிருந்தது. கட்டில்மேல் பைக்குள் அவள் போன் அடித்தது. எட்டாது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

மேல் ஸ்க்ரூ கழன்று விழுந்தது. மூன்று பாக்கி.

வண்டி ஒருமுறை அசைந்தது. படியில் யாரோ கால் வைத்தார்கள்.

பிளாஸ்டிக் தாள் சரசரத்தது.

“யாரு?” திரும்ப முடியவில்லை. திரும்பினால் கை நழுவும். “யாரா இருந்தாலும் ஒரு கை பிடிங்க. என் வூட்டுக்காரரு. ஒரு கை பிடிங்க.”

அடுத்தடுத்து நிதானமான காலடிகள். மரப்பெட்டிக்குள் இரும்பு உரசியது. தரையில் கிடந்த டிரில்லை யாரோ எடுத்தார்கள். சுழலும் பக்கத்தை மாற்றும் ‘டிக்’.

ஜோசுவாவின் கண்கள் அவள் முகத்தை விட்டு விலகின. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தன. அங்கிருந்து மேலே போயின. இன்னும் மேலே. வண்டியின் கூரை வரைக்கும்.

எதிர்ச்சுவரில் டிரில் ஓடத் தொடங்கியது.

ஒரு ஸ்க்ரூ.

ஜாஸ்மினின் சுடிதார்க் கழுத்து தொண்டையை இறுக்கியது.

இரண்டு. மூன்று.

குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன. அவள் கொக்கியை விடவில்லை.