மூச்சுப் பொருத்தம்

பஜ்ஜி வந்ததும் ஹாலின் நடுவே பாய் விரித்தார்கள். கண்ணுகளா, ஒரு காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்வார்களாம். இப்போது தூங்கிக் காட்டச் சொல்கிறார்கள். மூச்சுப் பொருத்தம் இல்லாவிட்டால் தூத்துக்குடியில் கல்யாண மண்டபமே கிடைக்காது.

மாப்பிள்ளையின் அம்மா ஹேமா, செவ்வந்தியின் விரலில் மூச்சுமானியை மாட்டி, தூக்கப் பானகத்தை நீட்டினாள்.

"ஒருக்களிச்சுப் படு," என்று செவ்வந்தியின் அம்மா காதைக் கடித்தாள். "அந்தக் கருமத்த வாயில வச்சிராத."

கருமம் என்றது தாடைக்கவ்வியை. உறக்கத்தில் செவ்வந்தியின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். மூச்சு நிற்கும், திணறி விழிப்பாள், மறுபடி நிற்கும். பற்களில் மாட்டும் அந்தக் கவ்வி கீழ்த்தாடையைச் சற்று முன்னே இழுத்துப் பிடித்து வழியைத் திறந்து வைக்கும். அது வந்த பிறகுதான் துறைமுகத்தில் கிரேன்மேல் கண்ணசராமல் வேலை பார்க்கிறாள். ஆனால் கவ்வி போட்டவள் குறையுள்ளவளாம். கல்யாணம் வேண்டுமென்றால் ஆயுளுக்கும் அதைத் தொடக்கூடாது.

சோபாவில் மாப்பிள்ளையின் அப்பா கையில் பஜ்ஜியோடு தூங்கிப்போயிருந்தார். குறட்டை வீட்டை அறுத்தது. சட்டென்று நின்றது. நெஞ்சு எம்பியது, காற்று வரவில்லை.

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுத்தமான மூச்சு," என்று சொல்லிக்கொண்டே, திரும்பிக்கூடப் பாராமல், ஹேமா முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"எத்தன வருசமா இடிக்கீங்க அத்தை?" என்றாள் செவ்வந்தி.

ஹேமா தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை சிரித்தான். "ஆம்பளைன்னா குறட்டை விடத்தான் செய்வாங்க."

"அவருக்கு இடிக்க ஆளு இருக்கு. எனக்கு நின்னா? நீங்க முழிச்சிருந்து இடிப்பீங்களா?"

அவன் கேசரியைப் பார்த்தான். செவ்வந்தி பானகத்தை அந்தக் கேசரிமேலேயே கவிழ்த்தாள். பிறகு கவ்வியை எடுத்து, எல்லோரும் பார்க்க மாட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்தாள்.

"திமிரு!" என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். செவ்வந்தியின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டிக்குள் குறட்டை தொடங்கியது. நின்றது.

"அம்மா! அப்பாவுக்கு மூச்சு..."

ஹேமா கைகளைக் கட்டிக்கொண்டு கண்களை மூடினாள்.

"நீ இடிடா. எனக்குத் தூக்கம் வருது."