நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒரு சத்தம்

படத்தின் நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒரு சத்தம் இருந்தது. கம்பெனி அனுப்பிய தாளில் அது இல்லை.

தாளில் எல்லாச் சத்தமும் வரிசையாக இருக்கும். கதவு, காற்று, குழாய், மூச்சு. காது கேளாதவர்கள் படம் பார்க்கும்போது திரையின் அடியில் என்ன சத்தம் என்று எழுத்து ஓடுமே, அதை எழுதுவதுதான் அவள் வேலை. ஏழு வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறாள். அக்டோபர் முடிவதற்குள், ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகைக்காக, பதினொரு திகில் படங்களை முடித்துக் கொடுக்க வேண்டும். நான்கு ஜப்பான் படங்கள், மற்றவை வேறு நாடுகளில் வாங்கியவை. இது ஆறாவது, ஜப்பான் படம். கண் எரிந்தது. கழுத்து கல்லாகியிருந்தது.

திரையில் மரத்தரை போட்ட நீண்ட வராந்தா. இரண்டு பக்கமும் காகிதக் கதவுகள். ஆளில்லை. ஹெட்போனில் மட்டும், கனமான, மெத்தென்ற எதையோ ஈரத்தோடு தரையில் இழுப்பது போல ஒன்று. சற்று இழுபட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது. நிற்கும் இடம்தான் அவளைத் தொந்தரவு செய்தது. களைத்து நிற்பது போல இல்லை. கேட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

‘சரசர’ என்று எழுதி அழித்தாள். அது காய்ந்த இலைக்கு. ‘சொதசொத’ சேற்றுக்கு. கடைசியில் ‘யாரோ இழுபடும் சத்தம்’ என்று எழுதி அக்காவிடம் காட்டினாள்.

அவள் எழுதுவதை முதலில் படிப்பது அக்காதான். ஒன்பது வருடத்துக்கு முன், முப்பத்துநாலு வயதில், அக்காவுக்குக் காது போனது. பேச்சு போகவில்லை. அளவு மட்டும் போய்விட்டது. அக்கா உப்பு கேட்டால் மூன்றாம் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

“யாரோன்னா யாருடி?” என்றாள் அக்கா. “நான் எங்க போய்த் தேட? ஒண்ணு ஆளைச் சொல்லு, இல்லன்னா விட்டுடு.”

அவள் முகத்தை அக்காவுக்கு நேராகத் திருப்பி, உதடு தெரியும்படி சொன்னாள். “எனக்கே தெரியலக்கா.”

“ஜப்பான் பேய்னாலே இப்படித்தான். மத்த ஊர்ப் பேய்க்காவது ஒரு கோபம், ஒரு வஞ்சம் இருக்கும். இது சும்மா வீட்டுக்குள்ள வந்து நின்னுக்கும். குடித்தனம் வந்த மாதிரி.”

மேனேஜருக்குப் போன் செய்தாள். அவர் அந்த இடத்தை இரண்டு முறை போட்டுக் கேட்டார்.

“ஒண்ணுமே இல்லையே மேடம். சுத்த அமைதி.”

“இழுக்கற மாதிரி…”

“பேய்ப் படமாப் பார்த்து உங்களையே பிடிச்சிருச்சு போல. நல்லாத் தூங்கி எழுந்து பாருங்க. சீக்கிரமா எழுந்துருங்க, வெள்ளிக்கிழமை வேணும்.”

சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஜன்னலைத் திரையில் திறந்தாள். மற்ற இடங்களில் மேடும் பள்ளமுமாக ஓடிய கோடு அங்கே தட்டையாகக் கிடந்தது. ஹெட்போனில் இழுபட்டது. நின்றது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

இழுபட்டது.

அவளுக்கு முதலில் வந்தது பேயின் நினைவு இல்லை. அக்காவின் நினைவு. அக்காவுக்குக் காது போனதும், இல்லாத ஒரு சத்தம் கேட்பதில்தான் தொடங்கியது. சில்வண்டு மாதிரி என்பாள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கத்திய வண்டு, போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. அத்தோடு அக்காவின் பள்ளிக்கூட வேலையும் போனது. இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரு ஜோடிக் காதை வைத்துப் பிழைக்கிறார்கள்.

அவள் அக்காவிடம் சொல்லவில்லை.

அதன்பின் தினமும் கேட்டது. மத்தியானங்களில், திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஜன்னல் துணிகளை இழுத்துவிட்டு, ஃப்ரிட்ஜின் முனகலும் மாடியில் யாரோ நாற்காலி நகர்த்துவதும் தெருவில் போகும் வண்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காதில் படிந்துகொண்டிருக்க, அவள் யாரோ ஒரு அந்நியப் பெண்ணின் விம்மலுக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கும்போது, அவற்றுக்கெல்லாம் அடியில், சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அது தொடங்கும். நனைந்து பல நாள் உலராத மிதியடியின் வாடையும் கூடவே வரும். மூக்கும் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

திரும்பிப் பார்க்க மாட்டாள். காதுக்குள் இருப்பதை எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் இரண்டு காதையும் விரலால் அடைத்துப் பார்த்தாள். உள்ளிருந்து வரும் சத்தம் அப்போது பெருகும், அக்கா சொல்லியிருக்கிறாள். இது குறைந்தது. அதைப் பற்றி அவள் மேலே யோசிக்கவில்லை. ஒன்பதாவது படம் பாதியில் நின்றது.

பத்தொன்பதாம் நாள், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காது பரிசோதிக்கும் இடத்துக்குப் போனாள். ஒரு பெண் அவளைச் சின்ன அறைக்குள் உட்காரவைத்து, கையில் பட்டன் கொடுத்து, கனத்த கதவை மூடினாள். கதவு மூடியதும் உலகம் நின்றது. வண்டி இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லை. அவள் காத்திருந்தாள். இழுபடவில்லை. மெல்லிய ஊதல்கள் மட்டும் தூரத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பட்டனை அழுத்தினாள். அழுதுகொண்டே அழுத்தினாள்.

“பயந்துட்டே வந்தீங்களா?” என்றாள் அந்தப் பெண், தாளைப் பார்த்தபடி.

“எங்கக்காவுக்குப் போயிடுச்சு.”

“உங்களுக்குப் போகல. பத்து வயசுப் பிள்ளைக்கு இருக்கற காது இது.”

“உள்ள ஒரு சத்தம் கேக்குதே. இந்த ரூம்ல மட்டும் கேக்கல.”

“உள்ளயிருந்து வர்றதா இருந்தா இங்கதாங்க நல்லாக் கேக்கும். உங்க காதுக்குள்ள ஒண்ணும் இல்ல. நிம்மதியாப் போய்ட்டு வாங்க.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டடங்கள்மேல் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. பத்தொன்பது நாள் பாரம் தோளிலிருந்து இறங்கியதில் கண் தானாகச் செருகியது. இரண்டு நிறுத்தங்கள் தூங்கினாள்.

மூன்றாவதில் விழித்தாள்.

காதில் இல்லை.

அப்படியானால்.

போனை எடுத்து, ‘கதவைத் திறந்து வெளியே வந்து நில்லு’ என்று அக்காவுக்கு அனுப்பினாள். பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. ‘உடனே வா’ என்று அனுப்பினாள். வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். அக்காவின் போன் கூப்பிட்டால் விளக்குதான் மின்னும். கண் மூடியிருந்தால் அதுவும் இல்லை. ஒன்றரை மணி. அக்கா படுத்திருக்கும் நேரம்.

பஸ் சிக்னலில் நின்றது. அடுத்த சிக்னலிலும் நின்றது.

மூன்று மாடி. சாவி துவாரத்தில் ஏறவில்லை. பிறகு ஏறியது.

உள்ளே இருட்டும் அந்த வாடையும். ஜன்னல் துணிகள் அவள் விட்டுப்போனபடி மூடியிருந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அவள் எழுதிய வரிகள் திரையின் அடியில் வந்து வந்து போயின. சோபாவில் யாரும் இல்லை.

தரையில் ஈரம் இருந்தது.

கால்தடம் இல்லை. ஒரு பட்டை. ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். சமையலறை இடுக்கிலிருந்து வந்திருந்தது. அவள் வேலை செய்யும் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. பிறகு படுக்கையறைப் பக்கம் போயிருந்தது.

உள்ளே இழுபட்டது.

“அக்கா,” என்று கூப்பிட்டாள்.

ஒன்பது வருடமாகத் தெரியும். இருந்தும் கூப்பிட்டாள்.

இழுபட்டது நின்றது. கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை. மற்றதற்குக் கேட்டது.

அவள் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. மெதுவாக. பாரம் ஏறும்போது வரும் சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த, பெயருள்ள சத்தம்.

ஓடினாள். படுக்கையறை வாசலில் கால் நின்றுவிட்டது.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. போன் தலையணையில் கவிழ்ந்து கிடந்தது. கட்டிலின் இந்தப் பக்கம், மத்தியானத்தில் கண் அசர அவள் வந்து படுத்துக்கொள்ளும் பக்கம், அழுந்தியிருந்தது. போர்வை மேடாக இருந்தது. நீளமாக. மேட்டிலிருந்து ஈரம் பரவி, துணி நிறம் மாறி, அக்காவின் முதுகைத் தொட்டது.

போர்வைக்குள் ஏதோ நீண்டு அக்காவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. இடம் விட்டுச் சுவரோரம் நகர்ந்தாள். தன் கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். வீடு முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில், தூக்கக் கலக்கத்தோடு கேட்டாள்.

“வந்துட்டியாடி? ஏன் இப்படி நனைஞ்சிருக்கே, வெளிய மழையா?”