சப்கோட்டா சார் தூங்கிவிட்டார்

வாய்க்கால் வெட்டி வெட்டி ஓக்லே கிராமத்தில் எல்லோருடைய கையும் காய்த்துப்போயிருந்தது. மலையோடைத் தண்ணீர் கீழே வந்து சக்கரத்தைச் சுழற்றினால் மின்சாரம் கிடைக்கும். மின்நிலையம் ஊருக்கே சொந்தம். பாதி அரசாங்க உதவி, மீதி ஊராரின் உழைப்பு.

ஒருவழியாக வாய்க்கால் முடிந்தது. ஆனால், நேற்றுப் பெய்த மழையில் மண் சரிந்து நடுவே மூடிவிட்டது. போன மாதமும் இப்படித்தான் ஆனது.

"இன்னிக்கு அதிகாரி வர்றார். தண்ணி ஓடினாத்தான் சக்கரம் தருவாங்க. இல்லேன்னா அடுத்த வருஷம்தான்," என்றார் சிறுமி தில்சரியின் அப்பா மான்பீர். சொல்லிவிட்டுப் புல்தரையில் படுத்துக்கொண்டார். யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

மதியம் அதிகாரி சப்கோட்டா நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். மின்நிலையச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வழியெல்லாம் ஊர் ஊரா, 'கரண்ட் எப்ப வரும்'னு திட்டு வாங்கிட்டு வர்றேன். நீங்களும் திட்டணும்னா திட்டிடுங்க. கொஞ்ச நேரத்துல மேலே போய் வாய்க்காலைப் பார்க்கிறேன்," என்றார்.

அவருடைய காலுறையில் ரத்தம் கசிந்திருந்ததைத் தில்சரி பார்த்தாள். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பாத்திரத்தில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்தாள்.

"இதுல காலை வைங்க சார்."

"நல்லா இருப்பே, நானி," என்றார் அவர், சொந்த மகளைக் கூப்பிடுவதுபோல. காலை வைத்தார். கண் மூடியது. குறட்டை வந்தது.

"எழுப்பு அவரை! பேசிப் பார்ப்போம்," என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா, பாவம். தூங்கட்டும். அவர் எழுந்ததும் மேலேதானே போவார்? அதுக்குள்ள நாம போய் மண்ணை எடுத்துடலாமே."

முதுகுக்கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு தில்சரி மலையேறினாள்.

"கூடை இவளைவிடப் பெரிசா இருக்கு!" என்று முனகியபடி எழுந்தாள் ஃபுல்மாயா அத்தை. "என் இடுப்பு எங்கே போச்சுன்னே தெரியல. சரி, இடுப்பு இல்லாமலே வர்றேன்."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். சத்தமில்லாமல் வெட்டினார்கள். ஒருவர் தும்மினார். எல்லோரும் அவரை முறைத்தார்கள்.

வெயில் சாயும்போது தண்ணீர் சலசலவென்று இறங்கி வந்தது. அந்தச் சத்தத்தில் சப்கோட்டா விழித்துக்கொண்டார். எதிரே தலையிலிருந்து கால்வரை சேறோடு ஊரே நின்றது.

"என்ன ஆச்சு?"

"வாய்க்கால் மூடியிருந்துச்சு சார். நீங்க தூங்கினப்ப எடுத்தோம்," என்றாள் தில்சரி.

அவர் வெறுங்காலோடு மேலே போனார். கரையை மிதித்துப் பார்த்தார். மெதுவாக இறங்கி வந்தார்.

"சரிவு பக்கம் கல் அடுக்கிடுங்க. சக்கரம் இந்த வருஷமே வரும்."

எல்லோரும் அப்படியே சேற்றில் சரிந்து உட்கார்ந்தார்கள்.

"என்னங்க, சந்தோஷமில்லையா?"

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றார் மான்பீர், சேற்றிலேயே உட்கார்ந்தபடி. "கைதட்டத்தான் கை வரல. லைட் எரியட்டும், தட்டுறோம்."