இரண்டாம் ஆட்டத்தின் இடைவேளை

மாலை 4.10.

எவாந்தியா புரொஜெக்டரின் துணியுறை முடிச்சை அவிழ்த்து, உறையை உருவினாள். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்ட ஓட்டைதான் இருந்தது.

துடைப்பதற்காகத் தானே கழற்றி எங்கேயோ வைத்துவிட்டோமோ என்று அலமாரியைக் குடைந்தாள். ஏப்ரன் பையைத் தடவினாள். பிறகு ஆபரேட்டர் அறையின் படியில் உட்கார்ந்து, கணவன் செத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

மாலை 5.00.

உதவி ஆய்வாளர் அஸ்பாசியா சீருடையில் வந்தாள். ஒரு கண்ணாடி வில்லைக்காகப் போலீஸா என்று நிலையத்தில் சிரித்திருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதென்ஸில் கிப்செலி மேட்டில் பிறந்தவள் அவள். அந்த மேட்டில் மிஞ்சியிருந்த ஒரே திறந்தவெளித் தியேட்டர் இந்த ரொதியாதான். வானம்தான் கூரை, சரளைக்கல் தரை, திரையோரம் ஒரு மாதுளை மரம். இன்று ஒன்பது மணிக்கு அமைச்சகத்திலிருந்து ஒரு குழு வருகிறது. படம் ஓடினால் இந்த இடம் என்றைக்கும் தியேட்டராகவே இருக்கும் என்று ஆணை கிடைக்கும். ஓடாவிட்டால் இங்கே ஆறு மாடி எழும்பும்.

"வேற எதையாவது எடுத்திருக்கானா?"

"எதையும் தொடலம்மா. கல்லாப்பெட்டி அப்படியே இருக்கு. மெஷினுக்கு உறையைக்கூடப் போட்டு, நான் கட்டற மாதிரியே முடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான்."

"பூட்டு?"

"உடைக்கல. சாவி கேன்டீன் ஆணியிலதான் தொங்குது."

"இன்னொரு சாவி உண்டா?"

"பக்கத்துக் கட்டட மாடியில லியாண்ட்ரோஸ் ஐயாகிட்ட. குளிர்காலத்துல நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். அவர்தான் அறையைத் தொறந்து காத்தாட விடுவார். அவரைச் சந்தேகப்பட்டா அப்புறம் நான் என்னையே சந்தேகப்படணும்."

"வேற தியேட்டர்ல கடன் வாங்க முடியாதா?"

எவாந்தியா மூக்கைச் சிந்தினாள். "யார்கிட்ட? முன்னெல்லாம் லென்ஸ் ஒடஞ்சா ஓரியோனுக்கு ஓடுவேன். அங்க இல்லேன்னா நர்கிசோஸ், பெகசோஸ். இந்த மேட்டுல பதினோரு தியேட்டர். ஒரே படப்பெட்டிய ரெண்டு தியேட்டர்ல ஓட்டுவோம். ஓரியோன்ல முதல் பாதி ஓடி முடிஞ்சதும் ஆக்கிஸ் அதை மோட்டார் சைக்கிள்ல இங்க கொண்டாருவான். மறுபடி ஓடிப்போய் ரெண்டாம் பாதி." சட்டென்று நிறுத்தினாள். "இப்ப ஓரியோன்ல கார் நிறுத்தறாங்க. நர்கிசோஸ்ல சோப்பு விக்கறாங்க. பெகசோஸ் திரைச் சுவர்ல ஏதோ பேங்க் விளம்பரம். நான் யார் கதவைத் தட்டறது?"

"நேத்து ரெண்டாம் ஆட்டம் எப்ப விட்டீங்க?"

"ஒரு மணிக்குள்ள. எதிர் வீட்டுப் பல் டாக்டர் தூக்கம் கெடுதுன்னு புகார் குடுத்தாருன்னு ஜூன் மாசம் நீதானே பேப்பர் கொண்டு வந்து நீட்டின? ஒரு மணிக்குள்ள முடிக்கணும்னா இடைவேளைய வெட்டாம என்ன செய்யறது? ரெண்டாம் ஆட்டத்துல இப்ப ஒரு அப்பம்கூட விக்கறதில்ல."

அஸ்பாசியா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பேப்பரை நீட்டிய கை அவளுடையதுதான்.

மாலை 5.40.

எவாந்தியாவின் கணவனுடைய அண்ணன் மகன் ஸ்தாதிஸ். இடத்தில் பாதி அவன் பெயரில் இருந்தது. மூலை காபிக் கடையில் குளிர்காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"நேத்து தியேட்டருக்கு வந்தீங்களா?"

"வந்தேன். சித்திகிட்ட கடைசியா ஒரு தடவ பேசிப் பாக்கலாம்னு. முதல் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள சண்டை வந்துடுச்சு. போயிட்டேன்."

"படம் ஓடலேன்னா உங்களுக்குத்தான் லாபம்."

"அதை மறைக்கல. அந்தத் தியேட்டர் ஒரு பொணம் மேடம். சித்தி அதுக்குத் தினமும் பவுடர் பூசறா." ஐஸை மென்றான். "ஆனா லென்ஸ் எது, விளக்கு எதுன்னு எனக்குத் தெரியாது. நான் எடுக்கணும்னா மெஷினையே கீழ உருட்டி விட்டிருப்பேன்."

பேச்சு கசந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தூசி படக்கூடாதென்று உறை போட்டுக் கட்டிவிட்டுப் போகிற திருடனை அஸ்பாசியா தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

மாலை 6.15.

தியேட்டரை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடி. லியாண்ட்ரோஸின் பால்கனி நேரே திரையைப் பார்த்திருந்தது. நாற்பது கோடைகளாக அவரும் மனைவி மெல்போவும் அங்கே உட்கார்ந்து ஓசியில் படம் பார்த்தவர்கள். "ராஜா சீட்டு" என்று தெருவே கேலி செய்யும். அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். எந்தப் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை வாரம் ஓடியது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

கதவைத் திறந்தவர் இளைத்திருந்தார். கூடத்தில் நின்ற மெல்போ சீருடையைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஏப்ரனால் முகத்தை மூடினாள்.

"போலீஸ் உடுப்பைப் பாத்தா அவளுக்கு ஆகாது. தப்பா நெனக்காத பொண்ணே."

"நேத்து எங்க இருந்தீங்க, லியாண்ட்ரோஸ் ஐயா?"

"இது என்ன கேள்வி? பால்கனியிலதான். ரெண்டு ஆட்டமும் பாத்தேன்."

"சந்தேகப்படற மாதிரி யாரையாவது பாத்தீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ரெண்டாம் ஆட்டம் இடைவேளை. விளக்குப் போட்டாங்க. எல்லாரும் கேன்டீன்ல முண்டியடிக்கறாங்க. ஸ்தாதிஸ் கூட்டத்துக்குள்ள கையை விட்டு ஆணியில இருந்த சாவிய எடுத்தான். என் கண்ணால பாத்தேன்."

அஸ்பாசியா பால்கனிப் பக்கம் பார்த்தாள். மரக்கதவு மூடியிருந்தது. இரண்டு கைப்பிடிகளையும் முறுக்கிய படுக்கை விரிப்பால் கட்டிப்போட்டிருந்தது. இடுக்கு வழியே துளசித் தொட்டிகள் தெரிந்தன. செடிகள் எல்லாம் காய்ந்து சருகாகியிருந்தன.

ஏப்ரனுக்குள்ளிருந்து மெல்போவின் குரல் வந்தது. "பெட்டி வந்துடுச்சா?"

"வந்துடும் மெல்போ," என்றார் லியாண்ட்ரோஸ். மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

மாலை 7.05.

அஸ்பாசியா எவாந்தியாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி மாடியேறினாள். சமையலறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மெல்போ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"லென்ஸைக் குடுத்துடுங்க, லியாண்ட்ரோஸ் ஐயா."

எவாந்தியா எழுந்தே விட்டாள். "உனக்கென்ன பைத்தியமா?"

"உக்காருங்க எவாந்தியாம்மா. ரெண்டாம் ஆட்டம் இடைவேளையில ஸ்தாதிஸ் சாவி எடுத்தான்னு இவர் சொன்னார். இந்தக் கோடையில ரெண்டாம் ஆட்டத்துக்கு இடைவேளை ஏது? ஜூன்லயே நிறுத்தியாச்சு. பால்கனியில ஒரே ஒரு ராத்திரி உக்காந்திருந்தாக்கூட அது தெரிஞ்சிருக்கும். இவர் உக்காரவே இல்ல. கதவு கட்டியிருக்கு, துளசிக்குத் தண்ணி ஊத்தி வாரக்கணக்காச்சு. போன வருஷ ஞாபகத்துல பேசிட்டார். ரெண்டு ஆட்டமும் பாத்தேன்னு சொல்லாம இருக்க அவருக்கு மனசு வரல. திருடனைக் காட்டிக் குடுத்தது அந்த முடிச்சு. மெஷின் மேல அவ்வளவு பாசம் இருக்கற இன்னொரு ஆள்கிட்டதான் இன்னொரு சாவி இருக்கு."

லியாண்ட்ரோஸ் மேசையின் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனிதர். மறைத்துப் பழக்கமும் இல்லை.

"ஸ்தாதிஸ் பேரை இழுத்தது அசிங்கம்," என்றார் கடைசியில். "நீ கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"ஏன்யா?" என்றாள் எவாந்தியா.

"சுவத்துல படத்து வெளிச்சம் ஆடினா அவ எந்திரிச்சுடறா. பெட்டி இன்னும் வரலியேங்கறா. ஆக்கிஸைத் தேடிக் கீழ எறங்கப் பாக்கறா. கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியா வெளிச்சம் வருது. செவ்வாக்கிழமை பால்கனிக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு காலைப் போட்டுட்டா. கதவைக் கட்டி வச்சேன். நேத்து முடிச்சையும் அவுத்துட்டா. ஆட்டம் விட்டு நீங்க எல்லாரும் போனப்பறம் எறங்கிப் போய்க் கழட்டிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? என் பொண்டாட்டிக்காக உன் தியேட்டரை மூடுன்னா? குழு வர்றது தெரிஞ்சுதான் எடுத்தேன் எவாந்தியா. அழுதுக்கிட்டேதான் எடுத்தேன். ரொதியா போனா எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா அவ கீழ விழுந்தா, ஒண்ணும் மிச்சமில்லன்னு சொல்லக்கூட ஆள் இல்ல."

எழுந்து போய் ஒரு பழைய தோல் பையைக் கொண்டுவந்தார். ஆக்கிஸ் படப்பெட்டி தூக்கிய பை. உள்ளே, கம்பளித் துணியில் சுற்றி, லென்ஸ் இருந்தது.

எவாந்தியா லென்ஸை விட்டுவிட்டுப் பையைத்தான் தொட்டாள். "அன்னிக்கு இடைவேளை முடிஞ்சும் ரெண்டாம் பாதி வரல," என்று அஸ்பாசியாவிடம் சொன்னாள். "ஜனங்க சீட்டி அடிச்சாங்க. என் புருஷன் ரோட்டுக்கு வந்து இவங்க பையன் ஆக்கிஸைத் திட்டினாரு, எங்க ஊர் சுத்தறானோன்னு. இவங்க ரெண்டு பேரும் மேல பால்கனியில கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்பத்தான் ஒரு போலீஸ்காரர் கேட்டைத் தொறந்துக்கிட்டு வந்தார். பையை அவர் கையில வச்சிருந்தார். செத்தப்ப இருபத்திரண்டு வயசு அவனுக்கு."

கீழே யாரோ நாற்காலி போடுகிற சத்தம் கேட்டது.

"லியாண்ட்ரோஸ்," என்றாள் எவாந்தியா. "மெல்போவுக்குத் தலைவாரி விடு. பால்கனியில வேண்டாம். கீழ கூட்டிட்டு வா."

இரவு 9.00.

படம் ஓடியது. குழுவிலிருந்து மூன்று பேர் முன்வரிசையில். மெல்போ கடைசி வரிசையில், கேட்டைப் பார்த்தபடி. அவளுக்குப் பக்கத்தில் உட்கார அஸ்பாசியாதான் மிஞ்சினாள். சீருடையைக் கழற்ற நேரமில்லை. கிழவி முதல் பாதி முழுவதும் விலகியே உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளை விளக்குகள் எரிந்தன. குழுவின் தலைவி பாலாடைக்கட்டி அப்பத்தின் எண்ணெயை விரலிலிருந்து துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் ஓடுது. அப்படியே எழுதிக்கலாம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். எவாந்தியா கேன்டீன் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கேட் திறந்தது. லியாண்ட்ரோஸ் வந்தார். தோளில் அந்தத் தோல் பை, அதற்குள் இரண்டாம் பாதி. எவாந்தியாதான் பின்பக்க வழியாகக் கொடுத்து, சுற்றி வரச் சொல்லியிருந்தாள். வரிசைகளுக்கு நடுவே சரளைக்கல் நொறுங்க நடந்து, ஆபரேட்டர் அறைப் படியேறினார்.

மெல்போ பையைப் பார்த்தாள். பிறகு கேட்டைப் பார்த்தாள். பைக்குப் பின்னால் வர வேண்டியவன் வரவில்லை. மெல்ல அவள் கை நகர்ந்து அஸ்பாசியாவின் சீருடைக் கையைத் தொட்டது.

"ரோட்டுல எதுவும் ஆகலியே?"

அஸ்பாசியா பதினாலு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கெட்ட செய்தி சொன்னவள். ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

"ஒண்ணும் ஆகலம்மா. பெட்டியக் குடுத்துட்டு ஓரியோனுக்குப் போயிட்டான்."

மெல்போவின் தோள்கள் தளர்ந்தன. வெகுநேரம் அந்தச் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போகச் சொல்லியிருக்கலாமில்ல," என்றாள்.

"சொன்னேன்மா."

விளக்குகள் அணைந்தன. இரண்டாம் பாதி ஓடத் தொடங்கியது. நாளைக்கும் படம் உண்டு. நாளைக்கும் அவள் கேட்பாள். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.