மூச்சு மாதா

கண்காட்சி திறக்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோது மலைக்கிராமமான வால்மோராவிலிருந்து மாதா வந்து சேர்ந்தாள்.

உதினே நகரில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய மாளிகையின் பின்வாசலில் லாரி நின்றது. அதன் கூரையில் மலைப்பனி ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தது. முதலில் இறங்கியவர் துய்லியோ, வால்மோரா கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. மாதா ஊரைவிட்டுப் போனால் ஊர்க்காரர் ஒருவர் கூடவே போக வேண்டும் என்பது பங்குசாமியார் போட்ட நிபந்தனை. துய்லியோ மேல்சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு, கண்காட்சியை நடத்தும், கலை வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கிய நீவெஸைப் பார்த்தார்.

"வழி பூரா ஒரு பொம்பள குறுக்கப் பேசாம நான் சொன்னதக் கேட்டா, டாக்டரம்மா. கல்யாணம் ஆனதிலிருந்து இதான் மொத தடவை."

நீவெஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

இது அவளுடைய கண்காட்சி. மலைக்கோயில்களில் கிடந்த தங்கப் பின்னணிப் படங்களை ஒரே இடத்தில் சேர்க்க அவளுக்கு நான்கு வருடம் பிடித்தது. படங்களின் விவரநூலையும் அவளே எழுதியிருந்தாள். அச்சகத்திலிருந்து வந்த கட்டுகள் நுழைவாயிலில் மை வாசனையோடு அடுக்கியிருந்தன. படங்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று மண்டபத்தின் சன்னல்களை மரப்பலகையால் அடைத்திருந்தார்கள். உள்ளே நண்பகலும் அந்தியும் ஒன்றுபோலவே இருந்தன.

வால்மோரா மாதாவின் அகலம் ஒரு முழம்தான். வயது அறுநூற்றைம்பது. பலகை முழுவதும் தங்க ரேக்கு, அதன்மேல் மாதா, மடியில் குழந்தை. கீழ்விளிம்பில் மட்டும் தங்கம் தேய்ந்துபோய் அடியிலிருந்த செம்மண் பூச்சு தெரிந்தது. மண்டியிட்ட பெண்களின் கை எட்டிய இடம் அது.

முன்பெல்லாம் செத்துப் பிறந்த குழந்தைகளை வால்மோரா கோயிலுக்குத் தூக்கிப்போவார்கள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. கூடையில் வைத்து மலையேறி, படத்துக்கு அடியில் இருந்த கல்லில் கிடத்துவார்கள். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. காலடியில் கரியடுப்பு. உதட்டில் ஓர் இறகு. இறகு அசைந்தால் பிள்ளை மூச்சுவிட்டதாகக் கணக்கு. அந்த ஒரு மூச்சு போதும். தண்ணீர் ஊற்றி, பேர் வைத்து, கோயில் கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில் புதைத்துவிட்டுத் தாய் மலை இறங்கிப் போவாள்.

இதையெல்லாம் நீவெஸ் விவரநூலில் எழுதியிருந்தாள். இறகை அசைத்தது அடுப்பின் சூடான காற்று என்றும் எழுதியிருந்தாள். அந்தக் குழந்தைகளில் ஒன்றுகூட மூச்சுவிட்டிருக்க வாய்ப்பில்லை என்பது முதலில் எழுதிய வரி. கடைசித் திருத்தத்தின்போது வாய்ப்பு என்ற சொல்லை அடித்தாள். ஒன்றுகூட மூச்சுவிடவில்லை என்று ஆக்கினாள்.

முதல் வரியை எழுதியது பிப்ரவரிக்கு முன்னால். அடித்தது பிப்ரவரிக்குப் பின்னால்.

மண்டபத்தில் ஏணிமேல் நின்று விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தவன் அவள் கணவன் சில்வானோ. காட்சிக்கூடங்களுக்கு விளக்கு அமைப்பதுதான் அவன் பிழைப்பு. போன பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிரில்லை என்று மருத்துவச்சி பார்த்துச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்தி, ஏதாவது வேண்டுமென்றால் தலைமாட்டு மணியை அடிக்கச் சொல்லிப் போனாள். அந்தச் சமயம் சில்வானோ அறையில் இல்லை. ஆம்புலன்ஸ் வழியில் நின்ற காரை எடுக்கக் கீழே போயிருந்தான். திரும்பி வந்தபோது நீவெஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

அதன் பிறகு அவனுக்கு எல்லாமே தன் தப்பாகிவிட்டது. உப்பு கொட்டினாலும், மழை வந்தாலும் அவன் தப்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு, காரை அங்கே நிறுத்தியிருக்கக் கூடாது என்பான். நீவெஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் மீண்டும் கரண்டியை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று மாலையே படத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மூடினார்கள். மூடியவள் எர்மீனியா. படங்களைப் பழுதுபார்ப்பவள், நீவெஸின் கல்லூரித் தோழி, வாய் கொஞ்சம் நீளம்.

"ஏண்டி, கண்ணாடியில மூக்கை வச்சது யாரு? இப்பத்தானே துடைச்சேன்."

கண்ணாடியின் கீழ்ப்பகுதியில், தங்கம் தேய்ந்த இடத்துக்கு நேரே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மூட்டம். எர்மீனியா துணியால் துடைத்தாள். போகவில்லை.

மூட்டம் உள்பக்கம் இருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. பழைய மரம் ஈரத்தைக் கக்கும், காலையில் சரியாகிவிடும் என்று எர்மீனியா சொன்னாள். சொல்லிவிட்டுத் துணியை மடிக்காமல் கையில் சுருட்டியபடியே நின்றாள்.

காலையில் சரியாகவில்லை.

நீவெஸ் வந்தபோது சில்வானோ பேழைக்கு முன்னால் குந்தியிருந்தான். மூட்டம் வந்தது. சுருங்கியது. போனது. திரும்ப வந்தது. பேழைக்குள் இருந்த ஈரப்பதமானி முள் அசையாமல் இருந்தது. மரம் ஈரம் கக்கினால் முள் ஏறும், கண்ணாடி முழுவதும் வேர்க்கும். இந்த ஒரு இடம் மட்டும் வேர்க்காது. நீவெஸுக்கு அது தெரியும். சில்வானோவுக்கும் தெரியும்.

"என் விளக்குதான். சூடு அதிகமாயிடுச்சு போல," என்றான்.

விளக்கை மாற்றினான். பிறகு அணைத்தே விட்டான். இருட்டில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள்.

வந்தது. போனது.

வந்தது.

நீவெஸ் தன்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சுவிட்டுப் பார்த்தாள். கூடவே போக முடியவில்லை. பெரிய ஆள் விடும் மூச்சைவிட வேகம். ஆழமே இல்லை. நடுவில் விட்டு விட்டு நின்றது. நிற்கும்போதெல்லாம் அவள் கால் தானாகப் பின்னால் போனது.

துய்லியோ காபியோடு வந்தார். அதில் கொஞ்சம் சாராயமும் கலந்திருந்தார், வாசனை முன்னாலேயே வந்தது. எர்மீனியா அவரைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் இப்படி எப்போதாவது நடந்ததுண்டா என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல கண்ணாடி கிடையாதும்மா. அதனால பாத்ததில்ல."

எர்மீனியா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வரும்போதே பெட்டிக்குள் ஈரம் புகுந்திருக்குமோ என்று கேட்டாள். துய்லியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியில் மாதாவைத் தவிர ஒரு தூசிகூட இல்லை, தன் கண் முன்னால்தான் ஆணி அடித்தார்கள் என்றார்.

"மலையிலேருந்து நாங்க எதையும் கொண்டாரல. இங்க இருக்கிறவங்க யாராவது கொண்டாந்திருந்தாத்தான் உண்டு." காபியை ஒரு மடக்கு குடித்தார். "வழக்கமா அப்படித்தானே. அவ யாரையும் தேடிப் போறதில்ல. ஜனங்கதான் தூக்கிட்டு வருவாங்க."

நீவெஸ் விவரநூல் கட்டுகளை எண்ணப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எண்ணவில்லை. கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியத்துக்குள் வாசனை வந்துவிட்டது.

முதலில் கரி. பிறகு உருகிய மெழுகு. அதற்கடியில் நனைந்த கம்பளி, மலையேறி வந்த பெண்களின் கம்பளி போல. அதை எர்மீனியாவும் உணர்ந்தாள், எங்கேயோ அடுப்பு புகைகிறது என்று ஆள் அனுப்பிப் பார்த்தாள். மாளிகையில் அடுப்பே இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அதை எர்மீனியா சொல்லவில்லை. இளஞ்சூடான, லேசாகத் தித்திக்கும் வாசனை. பிறந்த பிள்ளையின் நெற்றியில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அது.

சில்வானோ ஏணியிலிருந்து இறங்கி நீவெஸைப் பார்த்தான். அவனுக்கு அந்த வாசனை தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் வந்தபோது பிள்ளையைத் துடைத்துவிட்டார்கள்.

"உனக்கு உடம்புக்கு என்ன? வெளுத்துப் போயிருக்க."

"ஒண்ணுமில்ல," என்றாள். அந்தச் சொல் அவளுக்குப் பழகியிருந்தது.

துய்லியோவின் மேல்சட்டை இறகு வைத்துத் தைத்தது, முழங்கையில் கிழிசல். அவர் போன இடமெல்லாம் ஒன்றிரண்டு உதிரும். அதை வைத்து எர்மீனியா காலையிலிருந்து அவரைக் கோழி என்று கேலி செய்துகொண்டிருந்தாள். அப்படி உதிர்ந்த ஒன்று பேழையின் கண்ணாடியில், கீழே, வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மண்டபத்துக் கதவுகள் மூடியிருந்தன.

இறகு எழுந்தது. படிந்தது.

எழுந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ ஊதுவது போல.

எர்மீனியா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கோயிலுக்குப் போய்ப் பல வருடமாகிறது.

அதற்குப் பிறகு முடிவெடுக்க நேரம் ஆகவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் சரி, இப்படி ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் தங்கம் உரிந்துவிடும். மாதா இன்றைக்கே அதே லாரியில் திரும்பிப் போக வேண்டும். காட்சிக்கூட இயக்குநரிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றாள் எர்மீனியா. நீவெஸ் சரி என்றாள். நான்கு வருடத்து உழைப்பில் நடுப்படம் அது. அது இல்லாமல் போவதில் தனக்கு வந்த நிம்மதியைப் பார்த்து அவளே கூசினாள். மாதா மலையேறிவிட்டால் போதும். அங்கே கண்ணாடி கிடையாது.

பேழையைத் திறந்து, படத்தை எடுத்து, கம்பளி விரித்த மேசையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். எர்மீனியா பெட்டியைக் கொண்டுவரத் துய்லியோவோடு வெளியே போனாள். மண்டபத்தில் கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள்.

சில்வானோ கையைத் துணியில் துடைத்தான்.

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"யார்கிட்ட?"

"இயக்குநர்கிட்ட. என் விளக்குச் சூட்டுலதான் படம் கெட்டுப்போச்சுன்னு. உன் மேலயோ எர்மீனியா மேலயோ வரக் கூடாதுல்ல."

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். விளக்கை அணைத்த பிறகும் மூட்டம் வந்ததை அவன் தன் கண்ணால் பார்த்தவன். அதையும் மறந்துவிட்டு, உண்மையாகவே தன் தப்பு என்று நம்பத் தொடங்கியிருந்தான். இப்படி ஒரு படத்தைக் கெடுத்தவன் என்று பேர் வந்தால் இந்த நாட்டில் எந்தக் காட்சிக்கூடமும் அவனை வாசலில் சேர்க்காது. அதைச் சொன்னாள்.

"பரவாயில்ல. ஏற்கெனவே ஒண்ணு என் தலையில இருக்கு. அதோட இதுவும் இருந்துட்டுப் போகுது."

அவன் கதவை நோக்கி நடந்தான்.

நீவெஸ் மேசையில் கையை ஊன்றி நின்றாள். சும்மா இருந்தால் போதும். இத்தனை நாள் அப்படித்தான் இருந்தாள். அவன் கதவைத் திறப்பான், போவான், சொல்வான். லாரி கிளம்பும். இரவு சாப்பாட்டில் அவள் தட்டைப் பார்ப்பாள்.

அப்போது அவள் மணிக்கட்டில் ஏதோ பட்டது.

இளஞ்சூடு. ஈரம்.

குனிந்து பார்த்தாள். படத்தின் கீழ்விளிம்பிலிருந்து அவள் கை ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. அங்கே தேய்ந்த தங்கத்தையும் சிவந்த மண்ணையும் தவிர எதுவும் இல்லை.

திரும்பவும் பட்டது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. முன்பு ஒருமுறை இழுத்துக்கொண்டவள்தான். இந்த முறை கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"சில்வானோ, போகாத."

அவன் கதவுப்பிடியில் கைவைத்தபடி திரும்பினான். "விடு நீவெஸ். நான் காரை அங்க நிறுத்தாம இருந்திருந்தா..."

மணிக்கட்டில் மூச்சு நின்றது. அணைந்தது போல அல்ல. யாரோ கேட்பதற்காக அடக்கிக்கொண்டது போல.

"நீ இருந்திருந்தா நீ கூப்பிட்டிருப்ப," என்றாள். "நீ கார எடுக்கப் போனப்ப அவ மூச்சு விட்டா. ரெண்டு தடவை. என் கையில பட்டுச்சு. மணி பக்கத்துலயேதான் இருந்துச்சு, சில்வானோ. நான் அடிக்கல."